ஓதும் உரிமையும் அவையில் அமரும் உரிமையும்: பண்டித ரமாபாயின் வாழ்வு

பண்டித ரமாபாயை விதவையரின் நலனுக்கு உழைத்த சீர்திருத்தவாதி என்றே நம் பாடநூல்கள் அறிமுகப்படுத்துகின்றன. அவ்வறிமுகம் உண்மையே எனினும் முழுமையானதன்று. 1858 முதல் 1922 வரை வாழ்ந்த அப்பெண்மணி தம் வாழ்நாள் முழுவதும் இரண்டு வாயில்களைத் தட்டிக்கொண்டே இருந்தார். சமய நூல்களைக் கற்கவும், பிறருக்குக் கற்பிக்கவும், அவற்றுக்குப் பொருள் உரைக்கவும் உள்ள உரிமை ஒரு வாயில். பொது அவையில் பேராளராக அமர்ந்து கருத்துரைக்கும் உரிமை மற்றொரு வாயில். முன்னது சமயக் கல்வி சார்ந்தது, பின்னது அரசியல் சார்ந்தது என்று நாம் பிரித்துப் பார்க்கப் பழகியிருக்கிறோம். ஆனால் எவர் நூலுக்குப் பொருள் சொல்கிறாரோ அவரே சட்டத்துக்கும் பொருள் சொல்கிறார் என்பதே இந்நாட்டின் நெடுங்கால வழக்கம். இவ்விரண்டு உரிமைகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை ரமாபாயின் வாழ்வைப் போல் தெளிவாகக் காட்டும் வாழ்வுகள் குறைவு. அப்பிணைப்பில் சாதி எங்கே நிற்கிறது என்ற கேள்வியோடு அவ்வாழ்வை மீண்டும் வாசிக்க நாம் முயல்கிறோம்.

காட்டில் தொடங்கிய கல்வி

மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்னும் காட்டுப் பகுதியில் 1858 ஏப்ரல் 23 அன்று ரமாபாய் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே வடமொழியில் ஆழ்ந்த புலமை பெற்ற சித்பாவன பார்ப்பனர். ஒன்பது வயதில் தமக்கு மணமுடித்து வைக்கப்பட்ட மனைவி லட்சுமிபாய்க்கு அவர் வடமொழி கற்பிக்க முற்பட்டபோது உற்றார் உறவினரின் எதிர்ப்பு எழுந்தது. பெண்ணுக்கு வடமொழி ஓதுவித்தது சாத்திர விரோதம் என்ற குற்றச்சாட்டுக்கு அவர் உடுப்பியில் கூடிய சமய அறிஞர்களின் முன் விடை சொல்ல நேர்ந்தது. அவர் பழைய நூல்களிலிருந்தே சான்றுகளைத் திரட்டித் தம் செயலை நிலைநாட்டினார். ஊரை விட்டுக் காட்டில் குடியமர்ந்து, அங்கே மாணவர்களுக்கும் மனைவிக்கும் கற்பித்து வந்தார். அந்த லட்சுமிபாயே பின்னாளில் தம் மகளுக்கு ஆசிரியரானார். ஒரு தாய் தன் மகளுக்கு வடமொழி இலக்கணமும் காவியமும் புராணமும் கற்பித்த நிகழ்வு அக்காலத்தில் அரிதினும் அரிது.

ஆயினும் அந்தத் தந்தையின் துணிவுக்கும் ஓர் எல்லை இருந்தது. இலக்கணம் கற்பிக்கலாம், புராணம் கற்பிக்கலாம், வேதம் மட்டும் கூடாது. பெண்களும் சூத்திரர்களும் வேதத்தைக் கேட்கவும் ஓதவும் தகுதியற்றவர்கள் என்ற விதியை அவர் மீறவில்லை. தம் காலத்தின் ஆண்கள் பலரினும் மிகுதியாக வடமொழி கற்ற மகள், வேதத்தின் ஒரு வரியையும் கேளாமல் வளர்ந்தார். சீர்திருத்தம் எந்தப் படியில் நின்றுவிடுகிறது என்பதை அறிய விரும்புவோர் இதனை நினைவில் கொள்ளலாம்.

காட்டு வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. வறுமை சூழ்ந்ததும் குடும்பம் தலந்தோறும் சென்று புராணம் படித்துப் பிழைக்கத் தொடங்கியது. 1870களின் பஞ்சத்தில் தந்தையும் தாயும் தமக்கையும் அடுத்தடுத்து மடிந்தனர். எஞ்சிய ரமாபாயும் அவருடைய அண்ணன் ஸ்ரீநிவாசும் தென்கோடியிலிருந்து வடகோடி வரை பல ஆயிரம் கல் தொலைவு பெரும்பாலும் கால்நடையாகவே அலைந்தனர். பசியோடு கூடிய அப்பயணத்தில் தெய்வங்களின் மீதும் சாத்திரங்களின் மீதும் இருந்த நம்பிக்கை சிறிது சிறிதாகத் தேய்ந்தது.

பட்டம் கொடுத்த அவை

1878இல் உடன்பிறந்தார் இருவரும் கல்கத்தா சேர்ந்தனர். இருபது வயதுப் பெண் ஒருத்தி வடமொழியில் பிழையின்றிச் சொற்பொழிவாற்றுவதைக் கேட்டு அந்நகரத்துப் பண்டிதர்கள் வியந்தனர். அவரைச் சோதித்துப் பார்த்தபின் ‘பண்டித’ என்றும் ‘சரஸ்வதி’ என்றும் பட்டங்கள் வழங்கினர். அதே நகரில் பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென் அவர் கையில் வேத நூலைக் கொடுத்துப் படிக்குமாறு ஊக்கினார். பெண் வேதம் படித்தல் பாவம் என்று கேட்டு வளர்ந்தவருக்கு அது தயக்கத்தைத் தந்தது. தயக்கத்தைக் கடந்து அவர் படித்தார்.

பார்ப்பன மகளிருக்குக் கடமைகளை எடுத்துரைக்க வேண்டும் என்று சீர்திருத்தவாதிகள் கேட்டுக்கொண்டதால் தருமசாத்திரங்களையும் அவர் ஊன்றிப் படிக்க நேர்ந்தது. அப்படிப்பிலிருந்து அவர் அடைந்த முடிவு நம் கவனத்துக்கு உரியது. சாத்திரங்களும் புராணங்களும் எல்லாவற்றிலும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பெண்கள் இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் என்பதிலும், கணவனை வழிபடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வீடுபேறு இல்லை என்பதிலும் மட்டும் அவை ஒருமித்து நிற்கின்றன என்று அவர் கண்டார். சூத்திரர்களும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்டோரும் இதே போன்ற விலக்குக்கு உள்ளாக்கப்பட்டிருப்பதையும் அவர் கண்டார். இவற்றைப் பிற்காலத்தில் தம் நம்பிக்கைப் பயணத்தை விவரித்த நூலில் எழுதி வைத்தார். பட்டம் தந்த அவையினர் அவருடைய நினைவாற்றலைப் போற்றினர். அந்நூல்களின் உள்ளடக்கத்தை அவர் உரசிப் பார்க்கத் தொடங்கியபோது அவரைச் சூழ்ந்திருந்த போற்றிகளும் குறையத் தொடங்கின.

1880இல் அண்ணன் டாக்காவில் இறந்தார். அவ்வாண்டு நவம்பரில் ரமாபாய், சில்ஹெட் பகுதியைச் சேர்ந்த வழக்குரைஞர் பிபின் பிஹாரி தாஸ் மேதாவியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மணமகன் சூத்திரராகக் கருதப்பட்ட காயஸ்தர் வகுப்பினர்; மணமகள் பார்ப்பனர். சாதியும் மாகாணமும் மொழியும் கடந்த அம்மணத்தை இரு தரப்பு வைதிகரும் ஏற்கவில்லை. 1881இல் மகள் மனோரமா பிறந்தார். 1882 பிப்ரவரியில் காலரா கணவரைக் கொண்டுபோனது. இருபத்து நான்கு வயது நிரம்புவதற்கு முன்பே, கைக்குழந்தையோடு அவர் விதவையானார்.

புனே நகரமும் முன்னரே எழுந்த ஒரு குரலும்

அதே ஆண்டு புனே வந்த ரமாபாய் அங்கே ‘ஆரிய மகளிர் சமாஜம்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். ஹண்டர் தலைமையிலான கல்விக் குழு புனேயில் விசாரணை நடத்தியபோது அதன் முன் சான்றளித்தார். பெண்களுக்குப் பெண் ஆசிரியர்கள் வேண்டும், பெண் பள்ளிகளை மேற்பார்வையிடப் பெண் ஆய்வாளர்கள் வேண்டும், பெண்கள் மருத்துவம் படிக்க வழி செய்யப்பட வேண்டும் என்பன அவருடைய கோரிக்கைகள். கற்றறிந்த ஆண்களுள் பெரும்பாலோர் பெண் கல்விக்கு எதிராகவே நிற்கின்றனர் என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். அதே குழுவுக்குத்தான் ஜோதிராவ் பூலேயும் விரிவான மனு ஒன்றை அளித்தார். உழைக்கும் மக்கள் செலுத்தும் வரி மேல்சாதியாரின் உயர்கல்விக்கே செலவாகிறது என்பதும், தொடக்கக் கல்வி ஒடுக்கப்பட்டோரைச் சென்றடைய வேண்டும் என்பதும் அம்மனுவின் சாரம். ஒரே குழு, ஒரே நகரம், இரண்டு மனுக்கள். பெண் என்ற நிலையிலிருந்து ஒன்று பேசியது, சாதியால் ஒடுக்கப்பட்டோர் என்ற நிலையிலிருந்து மற்றொன்று பேசியது. இரண்டு நிலைகளையும் ஒருசேரச் சுமந்தவர்களின் மனு எங்கே என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

அந்த மனு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. 1855இலேயே, ஜோதிராவ் – சாவித்திரிபாய் பூலே இணையரின் பள்ளியில் பயின்ற முக்தா சால்வே என்னும் மாங் சமூகச் சிறுமி, மகார், மாங் மக்களின் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை ‘ஞானோதயா’ இதழில் வெளிவந்தது. வேதம் பார்ப்பனருக்கே உரியதென்றால், அதைப் பார்க்கவும் உரிமையற்ற எங்களுக்கு மதம் எது என்பதே அப்பதினான்கு வயதுச் சிறுமியின் வினா. ரமாபாய் வேதத்தைக் கையில் வாங்குவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட முன்காலத்தில் எழுந்த வினா அது. முக்தாவை எந்த அவையும் சோதிக்கவில்லை, எந்த அவையும் பட்டம் கொடுக்கவில்லை. அவருடைய பிற்கால வாழ்வும் வரலாற்றில் பதிவாகவில்லை. ரமாபாயின் பெருமையை இது குறைப்பதாக நாம் கருதவில்லை. தடைகளை மீறிய பெண்களுள்ளும் யாருடைய மீறல் ஏட்டில் ஏறுகிறது என்பதைச் சாதி தீர்மானித்தது என்றே சொல்கிறோம்.

ஆயர்களின் தடை

1883இல் மருத்துவம் படிக்கும் நோக்கத்தோடு ரமாபாய் இங்கிலாந்து சென்றார். கேட்கும் திறன் குறைந்து வந்ததால் அந்நோக்கம் கைகூடவில்லை. வான்டேஜ் நகரில் ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் தங்கியிருந்தபோது, சமூகம் ஒதுக்கிய பெண்களுக்கு அம்மடத்தார் லண்டனில் நடத்திய இல்லத்தைக் கண்டார். வழி தவறியவள் என்று தள்ளப்பட்ட பெண்ணையும் மனிதராக நடத்தும் சமயம் உண்டு என்பது அவரை ஈர்த்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மகளோடு திருமுழுக்குப் பெற்றார்.

சமயம் மாறியவுடன் தடைகள் நீங்கிவிடவில்லை. செல்ட்னாம் மகளிர் கல்லூரியில் அவர் பயின்ற காலத்தில், இந்திய மொழிகளை ஆண் மாணவர்களுக்கும் கற்பிக்கும் வாய்ப்பு ஒன்று பேசப்பட்டது. இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலிக்கன் ஆயர்கள் அதனை எதிர்த்தனர். பெண் ஒருத்தி ஆண்களுக்குக் கற்பித்தால் இந்தியாவில் அவருடைய செல்வாக்கு கெடும் என்பது அவர்கள் கூறிய காரணம். தம் நாட்டில் ஆண்கள் நிறைந்த அவைகளில் நின்று பேசியவருக்கு, பெண்ணுரிமை பேசும் கிறித்தவ நாட்டில் வாயில் அடைக்கப்பட்டது. திரித்துவம் முதலிய கோட்பாடுகளிலும் தாமே படித்துத் தெளிந்ததையே ஏற்பேன் என்று நின்ற ரமாபாயை மடத்தார் செருக்குடையவர் என்றனர். இந்தியப் புரோகிதர்களின் நுகத்திலிருந்து விடுபட்ட கழுத்தை மற்றொரு புரோகிதக் கூட்டத்தின் நுகத்தில் பூட்டிக்கொள்ள முடியாது என்பதே தம் ஞானத்தாய்க்கு அவர் எழுதிய மறுமொழியின் கருத்து.

தாய்நாட்டிலும் அவருக்கு எதிர்ப்பே காத்திருந்தது. அவரைச் சரஸ்வதி என்று கொண்டாடிய சீர்திருத்தவாதிகளுள் பலர், அவர் மதம் மாறினார் என்றவுடன் கைவிட்டனர். வெளிப்படையாக அவர் பக்கம் நின்றவர் ஜோதிராவ் பூலே. 1885இல் தாம் வெளியிட்ட ‘சத்சார்’ ஏட்டில், சாத்திரங்களைத் தாமே படித்து அவற்றின் அநீதியைக் கண்டு ஒரு பெண் வெளியேறியதில் வியப்பில்லை என்ற நிலைப்பாட்டை அவர் எடுத்தார். வெளியேறும் உரிமையும் சமய உரிமையே என்பதை உணர்ந்திருந்தவர் ஒடுக்கப்பட்டோரின் தலைவர்தான்.

பந்தலில் இடம், மேடையில் மௌனம்

1886இல் தம் உறவினர் ஆனந்திபாய் ஜோஷி மருத்துவப் பட்டம் பெறுவதைக் காண ரமாபாய் அமெரிக்கா சென்றார். அங்கே அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘உயர்சாதி இந்துப் பெண்’ என்னும் நூல் 1887இல் வெளிவந்து பரவலாக விற்பனையாயிற்று. அதன் பயனாகப் பாஸ்டன் நகரில் அமைந்த சங்கத்தின் நிதியோடு 1889 மார்ச்சில் பம்பாயில் ‘சாரதா சதன்’ என்னும் விதவையர் கல்வி இல்லத்தைத் தொடங்கினார்.

அவ்வாண்டின் இறுதியில் பம்பாயில் இந்திய தேசிய காங்கிரசின் மாநாடு கூடியது. அதில் கலந்துகொண்ட பேராளர்கள் 1889 பேர். ஆண்டின் எண்ணும் ஆட்களின் எண்ணும் ஒத்திருந்ததை அக்காலத்தவர் வியந்து பேசினர். அவர்களுள் பெண்கள் ஏறத்தாழப் பத்துப் பேரே. அப்பெண் பேராளர்களுள் ரமாபாயும் ஒருவர். காங்கிரஸ் பந்தலில் பெண்கள் பேராளர்களாக அமர்ந்தது அதுவே முதன்முறை. ஆனால் காங்கிரஸ் மேடையிலிருந்து பேசிய முதல் பெண் என்று அறியப்படுபவர் அடுத்த ஆண்டு கல்கத்தாவில் நன்றியுரை கூறிய காதம்பினி கங்குலி. பம்பாயில் பெண்கள் அமர்ந்தனர். அரசியல் தீர்மானங்களின் மீது அவர்களுடைய குரல் ஒலிக்கவில்லை. ரமாபாயின் குரல் ஒலித்தது, காங்கிரசை ஒட்டி நடந்த சமூக மாநாட்டில், விதவையரின் தலையை மழிக்கும் வழக்கத்துக்கு எதிரான தீர்மானத்தின் மீது. அரசியல் ஆண்களுக்கு, சமூகச் சீர்திருத்தம் பெண்களுக்கு என்ற பாகப்பிரிவினை அன்றே நடந்து முடிந்துவிட்டது.

அப்பிரிவினைக்கு ரமாபாய் அடங்கவில்லை. கணவனோடு வாழ மறுத்த ருக்மாபாய்க்கு எதிராக நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஆங்கில அரசு வைதிக ஆண்களோடு கைகோத்துப் பெண்ணைக் கைவிட்டது என்று கண்டித்து எழுதினார். 1897இல் பிளேக் நோய்க்காலத்தில் புனே மருத்துவமனையில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தை ‘பம்பாய் கார்டியன்’ இதழில் அம்பலப்படுத்தினார். ஆளுநர் அதனை மறுத்தார். செய்தி பிரித்தானிய நாடாளுமன்றம் வரை சென்றது. வாக்குரிமையற்ற ஒரு பெண், மேடை தரப்படாத ஒரு பேராளர், இதழொன்றின் வழியே ஓர் அரசை விடை சொல்ல வைத்தார்.

உயர்சாதி இல்லத்திலிருந்து முக்தி வரை

ரமாபாயின் பணியைப் பற்றிய நம் விமர்சனத்தையும் இங்கே வைத்தாக வேண்டும். அவருடைய நூலின் தலைப்பே அதன் எல்லையைச் சொல்லிவிடுகிறது. சாரதா சதன் தொடக்கத்தில் உயர்சாதி விதவையருக்கென்றே அமைந்தது. வைதிகரின் ஐயத்தைத் தணிக்க அங்கே சாதி ஆசாரங்களுக்கும் இடம் தரப்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு மறுமண உரிமை உண்டு, ஆகவே அவர்கள் ஓரளவு விடுதலையானவர்கள் என்ற எண்ணம் அக்காலச் சீர்திருத்தவாதிகளிடம் பரவலாக இருந்தது. நிலமும் நீரும் பள்ளியும் மறுக்கப்பட்ட பெண்ணுக்கு மறுமண உரிமை மட்டும் விடுதலை ஆகாது என்பது அவர்கள் பார்வையில் படவில்லை.

இவ்வளவு விட்டுக்கொடுத்தும் சதன் தப்பவில்லை. திலகரின் ‘கேசரி’ தொடர்ந்து தாக்கியது. மாணவியர் தாமாகவே ரமாபாயின் வழிபாட்டில் கலந்துகொண்டனர் என்ற செய்தி பரவியதும், 1893இல் ரானடே, பண்டார்கர் முதலிய சீர்திருத்தத் தலைவர்கள் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். பல குடும்பங்கள் தம் மகளிரைத் திரும்ப அழைத்துக்கொண்டன.

1896–97இல் மத்திய இந்தியாவைப் பஞ்சம் வாட்டியது. தம் பெற்றோரைப் பஞ்சத்தில் இழந்த ரமாபாய் அங்கே சென்று, பசியாலும் தரகர்களாலும் வேட்டையாடப்பட்ட சிறுமியர் நூற்றுக்கணக்கானோரை அழைத்து வந்தார். பஞ்சத்தில் அகப்பட்டோர் பெரும்பாலும் உழைக்கும் சாதியினரே. அவர்களைச் சேர்த்துக்கொண்டபோது சாதி பார்க்கும் இல்லமாக அது இருக்க முடியவில்லை. புனேக்குக் கிழக்கே கெட்காவ் என்னும் சிற்றூரில் ‘முக்தி’ என்ற பெயரில் எழுந்த குடியிருப்பில், சில ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் வாழ்ந்தனர். நெசவும் பால்பண்ணையும் உழவும் அச்சுத்தொழிலும் அவர்கள் கற்றனர். கண் தெரியாதோருக்கும், சமூகம் ஒதுக்கிய பெண்களுக்கும் தனி இல்லங்கள் அமைந்தன. ரமாபாயின் விடுதலைக் கருத்தை விரிவாக்கியது நூலறிவு மட்டுமன்று. பசியோடு வந்து வாசலில் நின்ற அப்பெண்களே அதனை விரிவாக்கினர் என்பது நம் வாசிப்பு. முக்தியின் வாழ்வு கிறித்தவ வழிபாட்டைச் சுற்றியே அமைந்தது என்பதும், அனாதைச் சிறுமியரின் சமயத் தெரிவு எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வி அன்றே எழுந்தது என்பதும் மறைக்கத் தக்கவை அல்ல.

1905இல் முக்தியில் ஏற்பட்ட சமய எழுச்சிக்குப் பின் அங்கிருந்த பெண்கள் குழுக் குழுவாக ஊர்களுக்குச் சென்று பிரசங்கம் செய்தனர். குருத்துவப் பட்டமோ ஆயரின் அனுமதியோ அவர்களுக்கு இல்லை. ரமாபாய் தம் இறுதிக்காலத்தில் மேற்கொண்ட பணி அதனினும் பெரிது. எபிரேயமும் கிரேக்கமும் கற்று, விவிலியம் முழுவதையும் மூல மொழிகளிலிருந்து மராத்தியில் பெயர்த்தார். ஏற்கெனவே இருந்த மொழிபெயர்ப்பின் வடமொழி கலந்த நடை எளிய பெண்களுக்கு விளங்காது என்பது அவர் கருத்து. வடமொழிப் புலமைக்காகப் பட்டம் பெற்றவர், எழுத்தறியத் தொடங்கிய நாட்டுப்புறப் பெண்ணுக்காக அப்புலமையின் நடையைக் கைவிட்டார். அந்நூலுக்கு எழுத்துக் கோத்தவர்களும் அச்சிட்டவர்களும் முக்தியின் பெண்களே. 1921இல் மகள் மனோரமா இறந்த துயரத்திலும் அவர் பணியை நிறுத்தவில்லை. 1922 ஏப்ரல் 5 அன்று அவர் காலமானார். முழு விவிலியம் 1924இல் வெளிவந்தது.

நமக்கு எஞ்சியிருக்கும் கணக்கு

அவர் மறைவதற்கு முந்தைய ஆண்டுதான் சென்னை, பம்பாய் மாகாணங்களில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. சொத்துத் தகுதியோடு வந்த அவ்வுரிமை, சொத்தற்ற தலித் பெண்களைத் தீண்டவே இல்லை. 1942இல் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடு, சட்டமன்றங்களில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கையைத் தாமே எழுப்பியது. அரசியலமைப்பு அவையில் இடம்பெற்ற 15 பெண்களுள் தலித் பெண் தாட்சாயணி வேலாயுதன் ஒருவரே. 2023இல் நிறைவேறிய 106ஆம் அரசியலமைப்புத் திருத்தம் மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் மூன்றில் ஒரு பங்கை, பட்டியலினத் தனித்தொகுதிகளுள் மூன்றில் ஒரு பங்கையும் உள்ளிட்டு, பெண்களுக்கு ஒதுக்கியது. ஆனால் அதன் நடைமுறையை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பிந்தியதாகவே வைத்தது. பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு அதில் உள் ஒதுக்கீடு இல்லை.

சமய நிறுவனங்களின் நிலையும் வேறன்று. தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் 2013இல்தான் பொறுப்பேற்றார். கத்தோலிக்கத் திருச்சபையில் இறையியல் பயிலும் பெண்ணுக்குக் குருத்துவம் இன்றும் இல்லை. தமிழ்நாட்டில் அரசின் அர்ச்சகர் பயிற்சியை 2023இல் மூன்று பெண்கள் முடித்தனர். பயிற்சிச் சான்றிதழுக்கும் கருவறைக்கும் இடையிலான தொலைவு, பண்டிதப் பட்டத்துக்கும் வேதத்துக்கும் இடையே அன்றிருந்த தொலைவை நினைவூட்டுகிறது.

ரமாபாயின் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பாடம் இரண்டு. பட்டமும் இருக்கையும் தரப்படும்போது, அவற்றோடு பொருள் உரைக்கும் அதிகாரமும் தரப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். தரப்படாவிடில் அது மரியாதையே அன்றி உரிமை அன்று. பெண்கள் என்ற பொதுப்பெயரால் ஒரு வாயில் திறக்கும்போது, உள்ளே நுழைந்தோர் யார், வெளியே நிற்போர் யார் என்று கேட்க வேண்டும். முக்தா சால்வே கேட்டதும் அதுவே. இறையியல் கல்லூரியின் சேர்க்கைப் பட்டியலையும் வேட்பாளர் பட்டியலையும் கையில் எடுக்கும்போதெல்லாம் அக்கேள்வியை நாம் திரும்பக் கேட்போம்.